நீர் புகாக் கடிகாரம்: ஒரு சொல்லின் வரலாறு

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டை வாயிலினின்று கிழக்கு நோக்கிச் செல்லும் நீண்ட கடைத்தெருவுக்குச் சாலை என்பது பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் அமைத்த அங்காடி அது. அரிசியும் மிளகும் துணியும் பாத்திரமும் விற்கும் அத்தெருவின் ஒரு பகுதியே ஆரியசாலை. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தங்கி வாணிகம் செய்துவரும் இடம் அது. நவராத்திரிதோறும் குமரி மாவட்டத்து வேளிமலையினின்று புறப்பட்டு வரும் குமாரசுவாமி எழுந்தருளியிருப்பதும் ஆரியசாலைப் பகவதி கோயிலிலேதான்.

இவ்விடத்தைச் சூழ எங்கும் நீர்தான். கிழக்கே கிள்ளியாறு; அதற்கப்பால் கரமனையாறு. மேற்கே கோட்டைக்குள் பத்மதீர்த்தக் குளம். இன்னும் மேற்கே சென்றால் சங்குமுகக் கடல். ஆண்டில் இரண்டு பருவமழைகள் பெய்யும் ஊர் இது. ஆகவே இங்குள்ளோருக்கு நீச்சல் என்பது புதிதாகக் கற்ற விளையாட்டன்று. ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் வளர்ந்த மக்களின் பழைய வழக்கம். இத்தகைய ஊரில் கைக்கடிகாரம் அணிவோர் எல்லோருக்கும் ஒரு நாள் ஒரு வினா எழுந்தே தீரும். நீரில் இறங்குமுன் கடிகாரத்தைக் கழற்றிவைக்க வேண்டுமா, கட்டியபடியே இறங்கலாமா? கடைக்காரரைக் கேட்டால், "வாட்டர் புரூப்" என்று ஒரே சொல்லில் விடை வரும். அந்தச் சொல்லை நம்பி நீரில் இறங்கலாமா என்பதை அறிய, அச்சொல் பிறந்து வளர்ந்து மாறிய வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

நேரத்துக்கும் நீருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஆதியில் அவை பகையாக இருக்கவில்லை. நம் முன்னோர் பயன்படுத்திய நாழிகை வட்டில் நீரைக் கொண்டே நேரத்தை அளந்தது. அடியில் நுண்ணிய துளையிட்ட சிறு செப்புக் கிண்ணத்தை நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தில் மிதக்க விடுவர். துளை வழியாக நீர் சிறிது சிறிதாக ஏறி, கிண்ணம் மூழ்கினால் ஒரு நாழிகை கழிந்தது என்பது கணக்கு. ஒரு நாழிகை 24 நிமிஷம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. அரசனின் பாசறையில் நாழிகைக் கணக்கர் இருந்ததைச் சங்க நூலாகிய முல்லைப்பாட்டு கூறுகிறது. அந்நாளில் கடிகாரத்துக்குள் நீர் புகுவதே அதன் தொழில். புகாவிட்டால்தான் அது பழுது.

இயந்திரக் கடிகாரம் வந்தபின் இவ்வுறவு தலைகீழாயிற்று. திருவிதாங்கூரில் அம்மாற்றத்தின் அடையாளங்கள் இன்றும் உள்ளன. பழைய தலைநகராகிய பத்மநாபபுரத்து அரண்மனையில் ஒரு மணிக்கூண்டு உண்டு. திருவனந்தபுரத்தில் பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே, சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தது என்று சொல்லப்படும் மேத்தன் மணி இருக்கிறது. தாடி வைத்த ஒருவரின் முகமும் இரு மருங்கும் இரண்டு ஆட்டுக்கடாக்களும் அமைந்தது அது. மணி அடிக்கும்போது கடாக்கள் வந்து அவர் கன்னத்தில் முட்டும். அந்த மகாராஜாவே 1837இல் நகரில் வானியல் நோக்கு நிலையம் ஒன்றை நிறுவி, ஜான் கால்டெகாட் என்பாரை அதன் தலைவராக்கினார். குளத்தின் கரையில் நின்றாலும் மேத்தன் மணிக்கு நீரால் இடர் இல்லை. அது கட்டிடத்தின் உயரத்தில் பத்திரமாக இருந்தது. கடிகாரம் சுவரினின்று இறங்கி மனிதனின் சட்டைப்பைக்கும், பிறகு மணிக்கட்டுக்கும் வந்தபோதுதான் நீர் அதற்குப் பகையாயிற்று. மழை, வியர்வை, கை கழுவும் நீர் ஆகிய மூன்றும் நாள்தோறும் தேடி வரும் இடம் மணிக்கட்டே.

கைக்கடிகாரத்தினுள் நீர் நுழைய மூன்று வாயில்கள் உண்டு. முதலாவது, முகத்தை மூடிய கண்ணாடி உலோகக் கூட்டுடன் சேரும் விளிம்பு. இரண்டாவது, பின்மூடி சேரும் விளிம்பு. மூன்றாவது, சாவி கொடுக்கும் குமிழின் தண்டு உட்செல்லும் துளை. முதல் இரண்டும் அசையாத வாயில்கள். அவற்றை இறுக அடைத்துவிடலாம். மூன்றாவது வாயிலோ அசைவது. தண்டு சுழலவும் வேண்டும், நீர் புகாமலும் இருக்க வேண்டும். நாழிகை வட்டிலின் துளை போன்ற இந்தச் சிறு துளையை அடைப்பதற்கே நூறாண்டு உழைப்புச் சென்றது எனலாம்.

1891இல் ஜெனீவா நகரத்துப் பிரான்ஸுவா போர்ஜெல் என்பார் திருகி மூடும் கடிகாரக் கூட்டுக்கு உரிமை பெற்றார். தூசியையும் ஈரத்தையும் அது ஓரளவு தடுத்தது. பின்னர் 1914இல் முதல் உலக யுத்தம் மூண்டது. அதுவரை பெண்களின் அணிகலனாகவே பெரிதும் கருதப்பட்ட கைக்கடிகாரம், சேறும் மழைநீரும் நிறைந்த பதுங்குகுழிகளில் போர்வீரரின் கருவியாயிற்று. சட்டைப்பையைத் துழாவ நேரமில்லாத இடத்தில் மணிக்கட்டைப் பார்ப்பதே எளிது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அவ்வழக்கத்தை விடவில்லை. அதன் பிறகே, நனைந்தாலும் ஓடும் கடிகாரம் வேண்டும் என்ற தேவை பெருந்தொழிலின் கவனத்தை ஈர்த்தது.

சாவிக் குமிழையே திருகி இறுக்கிவிடும் முறைக்கு 1925இல் ஸ்விட்சர்லாந்தில் பெர்ரகோ, பெர்ரே என்னும் இருவர் உரிமை பெற்றனர். ரோலெக்ஸ் நிறுவனத்தின் ஹான்ஸ் வில்ஸ்டார்ப் அவ்வுரிமையை வாங்கி, 1926இல் சிப்பி என்று பொருள்படும் ஆய்ஸ்டர் என்னும் பெயரில் ஒரு கைக்கடிகாரத்தை வெளியிட்டார். சிப்பி தன் ஓட்டை இறுக மூடிக்கொள்வதுபோல இதுவும் மூடிக்கொள்ளும் என்பது கருத்து. ஆனால் மக்கள் நம்ப வேண்டுமே! நீரும் நுண்பொறியும் ஒன்றுசேரா என்பது அந்நாளில் அனைவரும் அறிந்த உண்மையாக இருந்தது. சொல்லால் மாற்ற இயலாத இந்த எண்ணத்தைச் சோதனையால் மாற்ற ஒரு வாய்ப்பு அடுத்த ஆண்டிலேயே வந்தது.

லண்டனில் தட்டெழுத்தாளராகப் பணிபுரிந்த மெர்ஸிடிஸ் கிளைட்ஸ் என்னும் இளம்பெண், 1927 அக்டோபர் 7ஆம் நாள் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். பிரிட்டிஷ் பெண்களில் அதைச் செய்த முதல்வர் அவர். சில நாட்களுக்குள் மற்றொரு பெண்மணி தாம் அதைவிடக் குறைந்த நேரத்தில் நீந்திக் கடந்ததாக அறிவித்தார். அது பொய் என்பது பின்னர் வெளிப்பட்டது, அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அப்பொய், மெய்யாக நீந்தியவர்மேலும் ஐயத்தின் நிழலை வீசிவிட்டது. தம் சொல்லை மெய்ப்பிக்கும் பொருட்டுக் கிளைட்ஸ் அதே மாதம் 21ஆம் நாள் மீண்டும் கடலில் இறங்கினார். அம்முறை அவர் கழுத்தில் ஓர் ஆய்ஸ்டர் கடிகாரம் தொங்கியது. கடல் முன்னிலும் கடுங்குளிராக இருந்தது. பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தியும் கரை சேர முடியாமல், உடல் தளர்ந்த நிலையில் அவரைப் படகில் ஏற்றினர். அவருடைய மனவுறுதியைக் கண்டோர் முதல் நீச்சலை ஐயுறுவதை விட்டனர். கடிகாரமோ நின்றுவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 24ஆம் நாள் லண்டன் டெய்லி மெயில் பத்திரிகையின் முதற்பக்கம் முழுவதும் அக்கடிகாரத்தின் விளம்பரம் வெளியாயிற்று.

இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தார் பலவாறு திரித்துக் கூறுவதுண்டு. கால்வாயை முழுதும் கடந்த நாளிலேயே கடிகாரம் கையில் இருந்தது என்பர். உண்மை அதுவன்று, கடந்த நாள் வேறு, கடிகாரம் அணிந்த நாள் வேறு, அணிந்ததும் கையிலன்று, கழுத்தில். ஆயினும் உண்மையான வரலாறு கட்டுக்கதையைவிடச் சிறந்த பாடத்தைத் தருகிறது. அன்று கடலில் இரண்டு சொற்கள் ஒருங்கே சோதிக்கப்பட்டன: ஒரு பெண்ணின் சொல்லும், ஒரு கடிகாரத்தின் சொல்லும். சோதனைக்கு உட்பட்டதனாலேயே இரண்டும் மதிப்புப் பெற்றன.

ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. அன்று சோதிக்கப்பட்டது ஒரே ஒரு கடிகாரம். அதுவும் புத்தம் புதியது. அதுவும் ஒரு நாள் மட்டும். அக்கடிகாரத்தின் பெயரைத் தாங்கி வெளிவந்த மற்றவை அனைத்தும் அச்சோதனையின் புகழைத்தான் பெற்றன, சோதனையைப் பெறவில்லை. இந்த வேறுபாடே இனி வரும் வரலாறு முழுவதையும் நடத்திச் செல்கிறது.

அடுத்த பத்தாண்டுகளில் சோதனை, கடலினின்று ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. ஓமேகா நிறுவனம் 1932இல் மெரின் என்னும் கடிகாரத்தை வெளியிட்டது. கூட்டுக்குள் கூடாக அமைந்த அதை, முதலில் 85 டிகிரி வெப்பமுள்ள நீரிலும், உடனே ஜெனீவா ஏரியின் குளிர்ந்த நீரில் 73 மீட்டர் ஆழத்திலும் அமிழ்த்திச் சோதித்தனர். 1937இல் நியூஷாடெல் நகரத்து ஆய்வுக்கூடம் அக்கடிகாரம் 135 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தைத் தாங்கும் எனச் சான்றளித்தது. வெப்பத்தினின்று குளிருக்கு உடனே மாற்றியதில் ஒரு நுட்பம் உண்டு. அதன் பொருளைப் பின்னர்க் காண்போம். அதே 1937இல் நீல்ஸ் கிறிஸ்டென்ஸன் என்னும் டேனிஷ் அமெரிக்கர், வட்ட வடிவ ரப்பர் வளையத்தை ஒரு பள்ளத்தில் இருத்தி அடைக்கும் முறைக்கு அமெரிக்காவில் உரிமை கோரினார். தோலும் தக்கையும் ஈயமும் செய்த வேலையை மெல்ல மெல்ல ரப்பர் வளையம் ஏற்றது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் மனிதன் முதுகில் காற்றுக் குடுவையைச் சுமந்து கடலின் அடிக்குச் செல்லத் தொடங்கினான். அவனுக்குக் கடிகாரம் அலங்காரமன்று; உயிர். குடுவையில் எஞ்சிய காற்று எத்தனை நிமிஷத்துக்கு என்பதை அவன் அதைக் கொண்டே கணக்கிட வேண்டும். பிளாங்பேன் நிறுவனத்தின் தலைவர் ழான் ழாக் பியெக்டர் தாமே மூழ்குபவர். ஒருமுறை நீரினடியில் நேரம் தவறி, காற்றுத் தீர்ந்து துன்புற்றவர். 1953இல் அவர் வெளியிட்ட கடிகாரத்தின் பெயருக்கு ஐம்பது பாகம் என்பது பொருள். பாகம் என்னும் அளவு நம் கடற்கரை மக்களுக்குப் புதிதன்று. விழிஞ்ஞத்திலும் தூத்துக்குடியிலும் கடலின் ஆழத்தைப் பாகத்தால் சொல்லும் வழக்கம் உண்டு. ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் மூச்சை அடக்கி இறங்கிய ஆழம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம். ஐம்பது பாகம் என்பது 91 மீட்டர். 1960 ஜனவரி 23ஆம் நாள் திரியெஸ்ட் என்னும் ஆழ்கடல் கலம் பசிபிக் பெருங்கடலின் மிக ஆழமான பள்ளத்தில், ஏறத்தாழ 10,900 மீட்டர் இறங்கியபோது, அதன் வெளிப்புறத்தில் கட்டப்பட்டிருந்த ஒரு கடிகாரம் ஓடியபடியே மீண்டது.

இவ்வளவு வெற்றிக்குப் பிறகு "நீர் புகாதது" என்ற சொல் நிலைபெற்றிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது அதற்கு மாறானது. ஆழ்கடலுக்குச் செல்லும் கடிகாரத்தின் புகழைச் சாதாரணக் கடிகாரங்களும் பூசிக்கொண்டன. வாட்டர் புரூப் என்று எழுதிய கடிகாரம் குழாய் நீரில் நின்றுபோயிற்று என்னும் முறையீடு நாடெங்கும் எழுந்தது. 1960களின் இறுதியில் அமெரிக்க அரசின் வாணிக ஆணையம் கைக்கடிகாரங்களில் அச்சொல்லை விலக்கியது. எந்தப் பொருளும் முற்றிலும் நீர் புகாததன்று. குறிப்பிட்ட அளவு வரை தாங்குவது மட்டுமே என்பது அதன் உட்பொருள். வாட்டர் புரூப் போய் வாட்டர் ரெசிஸ்டன்ட் வந்தது. தமிழில் சொன்னால், நீர் புகாதது என்பது நீர் தாங்குவது ஆயிற்று. ஒரு சொல் தன் செருக்கை அடக்கிக்கொண்டது எனலாம்.

பின்னர் உலகத் தர நிர்ணய அமைப்பு இதற்கு இலக்கணம் வகுத்தது. மூழ்குவோருக்கான கடிகாரங்களுக்கு 1982இலும், சாதாரணக் கடிகாரங்களுக்கு 1990இலும் விதிகள் வெளியாயின. சாதாரணக் கடிகாரத்தின் விதி 2010இலும், மூழ்குவோர் கடிகாரத்தின் விதி 2018இலும் திருத்தப்பட்டன. இரண்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. மூழ்குவோர் கடிகாரம் ஒவ்வொன்றும் தனித்தனியே, அதன்மேல் எழுதிய அளவைவிடக் கால் பங்கு கூடுதலான அழுத்தத்தில் சோதிக்கப்பட வேண்டும். சாதாரணக் கடிகாரத்துக்கோ மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்தாலும் போதும். ஆகவே நம் கையிலுள்ள சாதாரணக் கடிகாரம் தானே ஒரு நாளும் நீரைக் காணாமல் நம்மிடம் வந்திருக்கக் கூடும். 1927இல் கண்ட அதே வேறுபாடு இங்கும் தொடர்வதைக் காண்க.

இனி, கடிகாரத்தின் பின்மூடியில் காணும் எண்ணின் பொருளை நோக்குவோம். 3 ஏ.டி.எம். அல்லது 30 மீட்டர், 5 ஏ.டி.எம். அல்லது 50 மீட்டர், 10 ஏ.டி.எம். அல்லது 100 மீட்டர் என்றெல்லாம் எழுதியிருக்கும். ஏ.டி.எம். என்பது நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம். நீரில் ஏறத்தாழ 10 மீட்டர் இறங்கினால் அத்தகைய ஓர் அழுத்தம் கூடுகிறது. ஆகவே 30 மீட்டர் என்பது அசையாத நீரில் அவ்வாழத்துக்கு ஒப்பான அழுத்தத்தைப் புதிய கடிகாரம் சிறிது நேரம் தாங்கியது என்பதற்கு அறிகுறி. ஆனால் தயாரிப்பாளர்களோ 30 மீட்டர்க் கடிகாரத்தை மழைத் துளிக்கும் கை கழுவுவதற்கும் மட்டுமே ஏற்றதென்பர். 50 மீட்டர் என்றால் சிறிது நேர நீச்சல்; 100 மீட்டர் என்றால் தயக்கமின்றி நீந்தலாம் என்பது பொதுவான அறிவுரை. இரண்டு மீட்டர் ஆழக் குளத்துக்கு ஏன் 100 மீட்டர்?

நீந்தும்போது கையை வீசுவதால் அழுத்தம் பன்மடங்காகிறது என்று பலர் விடை கூறுவர். கணக்கிட்டுப் பார்த்தால் அது அவ்வளவு பெரிதன்று. வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கையை வீசினால் கூடும் அழுத்தம் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கே ஒப்பாகும். உயரத்தினின்று குதிக்கும்போது மட்டும் அது கருதத்தக்கது; எத்தனை மீட்டர் உயரத்தினின்று குதிக்கிறோமோ, ஏறத்தாழ அத்தனை மீட்டர் ஆழத்தின் அழுத்தம் நீரைத் தொடும் வேகத்தால் உண்டாகிறது; மணிக்கட்டு நீரில் தட்டையாக அறைந்தால் அக்கணம் இன்னும் மிகலாம். வெப்ப மாற்றத்தையும் நோக்குக. வெயிலில் 45 டிகிரி வரை சூடேறிய கடிகாரம் 25 டிகிரி நீரில் திடீரென இறங்கினால், உள்ளே அடைபட்ட காற்று சுருங்கி, 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒப்பான வலிவோடு வெளியிலுள்ள நீரை உறிஞ்சும். ஓமேகாவின் சோதனையாளர் சூட்டினின்று குளிருக்கு மாற்றியது இதனாலேதான்.

ஆயினும் இவையெல்லாம் சேர்ந்தாலும் 30 மீட்டரை எட்டவில்லை. அப்படியானால் கடிகாரம் ஏன் கெடுகிறது? பதில் ரப்பர் வளையத்தில் இருக்கிறது. சமையலறையில் பிரஷர் குக்கர் வைத்திருப்போர் எல்லோரும் இதை அறிவர். புது வளையம் மென்மையாய் அடைத்துக்கொள்ளும். நாளடைவில் அது இறுகி, தட்டையாகி, ஓரத்தில் ஆவியை விடும். குக்கர் சீறி நம்மை எச்சரிக்கும். கடிகாரமோ ஒன்றும் சொல்லாது. வியர்வையின் உப்பும், சோப்பும், தலையிலும் உடலிலும் தேய்க்கும் எண்ணெயும், சுடுநீரின் ஆவியும் அவ்வளையத்தை மெல்லக் கெடுக்கின்றன. கீழே விழுந்த கடிகாரத்தின் கூடு மயிரிழை அளவு நெளிந்தாலும் போதும். மின்கலம் மாற்றுவதற்காகப் பின்மூடியைத் திறந்தவர் வளையத்தை மடித்து மூடிவிட்டாலும் போதும். பின்மூடியின் எண் மட்டும் பிறந்த நாளில் இருந்தபடியே இருக்கும். பெரிய எண்ணைக் கேட்பதன் காரணம் ஆழமன்று. முதுமைக்கும் விபத்துக்கும் இடம் விட்டு வைப்பதே.

நம் நாட்டில் கைக்கடிகாரத் தொழில் வளர்ந்த கதையும் இதனோடு தொடர்புடையது. 1961இல் ஹெச்.எம்.டி. என்னும் அரசு நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் ஜனதா என்னும் கடிகாரம் இல்லந்தோறும் புகுந்தது. மணமகனுக்கு அளிக்கும் சீர்வரிசையிலும், தேர்வில் வென்ற மாணவனுக்குத் தரும் பரிசிலும் அதற்கு இடமிருந்தது. வானொலியின் மணியொலியைக் கேட்டு அதைத் திருத்திக்கொண்ட தலைமுறை ஒன்று உண்டு. அந்நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூடுவதென 2016இல் முடிவாயிற்று. ஆனால் அக்கடிகாரங்கள் இன்றும் பலர் கையில் ஓடுகின்றன. தந்தை கட்டிய கடிகாரத்தை மகன் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவதும் உண்டு. அதிலுள்ள வளையம் மகனைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம் என்பதை அவன் எண்ணுவதில்லை.

1984இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா நிறுவனமும் கூடி டைட்டன் நிறுவனத்தை அமைத்தன. அதன் தொழிற்சாலை ஓசூரில் எழுந்தது. அங்கு உருவாகி 2002இல் வெளிவந்த எட்ஜ் என்னும் கடிகாரத்தின் மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் பொறியின் கனம் 1.15 மில்லிமீட்டர். அத்தனை மெல்லிய கூட்டில் வளையத்துக்கு இடம் கண்டு 30 மீட்டர் அளவுக்கு நீர் தாங்கச் செய்தது நம் பொறியாளரின் திறமைக்குச் சான்று. பொறியை மெலிதாக்குவதோடு வேலை முடியவில்லை. கூட்டுக்கும் கண்ணாடிக்கும் குமிழுக்கும் இடையே வளையத்தை இருத்தவும் வேண்டியிருந்தது. ஆனால் இதுவும் நீந்துவதற்கு என்று செய்யப்பட்டதன்று. சிறந்த வேலைப்பாடு வேறு, பயன்படுத்தும் எல்லை வேறு. இன்றைய மின்னணுக் கைக்கடிகாரங்களில் காணும் ஐ.பி.67 என்னும் குறியும் அத்தகையதே. ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் அமிழ்ந்திருந்து பழுதுறாமை என்பதே அதன் பொருள். நீச்சல் என்பது அதன் பொருளன்று.

இவ்வரலாற்றினின்று நாம் பெறும் நடைமுறைப் பயன் யாது? நீந்தும் பழக்கமுள்ளவர், எண்ணை மட்டும் பாராமல், கடைசியாகச் சோதித்தது எப்போது என்று கேட்டல் வேண்டும். கடிகாரம் பழுதுபார்ப்போர் செய்யும் சோதனைகள் மூன்று. முதலாவது துளிச் சோதனை. கடிகாரத்தை 40 முதல் 45 டிகிரி வரை இளஞ்சூடாக்கி, கண்ணாடியின்மேல் குளிர்ந்த நீர் ஒரு துளி இட்டு, ஒரு நிமிஷம் சென்றபின் துடைத்துப் பார்ப்பர். கண்ணாடியின் உட்புறத்தில் பனி படர்ந்தால், உள்ளே ஏற்கெனவே ஈரம் உண்டு என்பது தெளிவு. பனி படராமையால் மட்டும் அடைப்பு நன்று எனக் கொள்ளலாகாது. இனிப் புகும் நீரை அச்சோதனை அறியாது. இரண்டாவது காற்றுச் சோதனை. சிறு அறையில் கடிகாரத்தை வைத்து அழுத்தத்தை மாற்றும்போது, அடைப்புச் சரியாக இருந்தால் கூடு மிக நுண்ணிய அளவில் நெளிந்து நிற்கும். ஓட்டை இருந்தால் மெல்லப் பழைய வடிவுக்குத் திரும்பும். இதில் கடிகாரம் நனைவதே இல்லை. மூன்றாவது நீர்ச் சோதனை. மூடிய குடுவையில் நீருக்கு மேல் கடிகாரத்தைத் தொங்கவிட்டு, காற்றை அழுத்திச் செலுத்தி, பிறகு நீரில் இறக்கி, அழுத்தத்தை மெல்லக் குறைப்பர். உள்ளே காற்றுப் புகுந்திருந்தால் அது குமிழியாக வெளிவந்து ஓட்டை இருக்கும் இடத்தையே காட்டிவிடும். குமிழி கண்டவுடன் கடிகாரத்தை வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறையும், பின்மூடி திறக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் இச்சோதனையைச் செய்வித்தல் நலம். மின்கலம் மாற்றும்போது வளையத்தையும் மாற்றச் சொல்ல வேண்டும். கடிகாரத்தின் விலையோடு ஒப்பிட்டால் வளையத்தின் விலை ஒரு பொருட்டன்று. நீரில் இறங்குமுன் சாவிக் குமிழ் உள்ளே அமர்ந்திருக்கிறதா, திருகும் வகையானால் திருகப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். நீரினுள் குமிழையோ பொத்தான்களையோ தொடலாகாது. வெயிலில் கிடந்த கடிகாரத்தோடு உடனே குளத்தில் குதித்தல் கூடாது. சங்குமுகத்திலோ கோவளத்திலோ கடலாடியவர், கரை ஏறியதும் நல்ல நீரால் கடிகாரத்தைக் கழுவ வேண்டும். உப்பு உலர்ந்து படிந்தால் அதுவே வளையத்தை அரிக்கும் மணலாகும். கண்ணாடிக்குள் பனி கண்டால் நாளைக்கு என்று ஒத்திப்போடாமல் அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். துரு ஓரிரவில் தொடங்கிவிடும்.

நாழிகை வட்டிலில் நீர் புகுவதற்கென்று ஒரு துளையிட்டு, அது சரியாக நிறைகிறதா என்று கணக்கர் கண்காணித்தனர். கைக்கடிகாரத்தில் நீர் புகாதிருக்கத் துளையை அடைத்தோம். ஆனால் கண்காணிப்பதை விட்டுவிட்டோம். வாட்டர் புரூப் என்ற சொல், கண்காணிப்பு இனி வேண்டாம் என்று நமக்கு ஆறுதல் கூறியது. அச்சொல்லைத் திருத்திக்கொண்டதன் வாயிலாக உலகம் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது: நீரைத் தாங்கும் ஆற்றல் ஒரு பொருளின் பிறவிக் குணமன்று, அவ்வப்போது மெய்ப்பித்துக்கொள்ள வேண்டிய நிலை. ஒருமுறை மெய்ப்பித்தது போதாது என்று மீண்டும் குளிர்க்கடலில் இறங்கிய அந்த நீச்சல் வீராங்கனை இவ்வுண்மையை அறிந்திருந்தார். நீரில் இறங்குமுன் நம் மணிக்கட்டிலிருப்பதையும் ஒருமுறை சோதித்துக்கொள்வோமாக. சோதிக்க இயலாதாயின், கரையில் கழற்றி வைத்துவிட்டு இறங்குவதே அறிவுடைமை.